மானியம் வாங்கினா முன்பணம் கூடுதே, இது என்ன கணக்கு?

அரசலாற்றங்கரை (இழை தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல தனியார் கல்லூரியில வேலை பாக்குறேன். மனைவி லேப் டெக்னீஷியன். பத்து வருஷமா வாடகை வீடு, ஒரு பையன். செட்டிமண்டபம் பக்கம் ஒரு தனி வீடு பார்த்திருக்கோம். ரெண்டு பெட்ரூம், 34 லட்சம் சொல்றாங்க.

பேங்க்ல விசாரிச்சப்ப பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0-ல வட்டி மானியம் 1.80 லட்சம் வரைக்கும் கிடைக்கும்னாங்க. சந்தோஷமா வந்து கணக்குப் போட்டா தலை சுத்துது.

மானியம் வேணும்னா கடன் 25 லட்சத்தைத் தாண்டக்கூடாது, வீட்டு மதிப்பு 35-ஐத் தாண்டக்கூடாது. 34-ல 25 போனா 9 லட்சம் நான் போடணும். பத்திரச் செலவு, முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3 லட்சத்து 6 ஆயிரம். மொத்தம் 12 லட்சத்துக்கு மேல கையில வச்சிருக்கணும். மானியமே வேணாம்னு 30 லட்சம் கடன் எடுத்தா 7 லட்சம் சொச்சத்துல முடிஞ்சுடும்.

1.80 லட்சம் தர்றதுக்கு முன்னாடி இன்னும் 5 லட்சம் கொண்டாங்கிறாங்க. அந்த 1.80-ம் ஒரே தடவையா வராதாம், அஞ்சு வருஷத் தவணையா கடன் கணக்குல ஏறுமாம். என்கிட்ட இருக்கறது 6 லட்சம், வீட்டுக்காரம்மா நகை 22 பவுன்.

இன்னொண்ணு. எங்க ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து போன வருஷம் 8.86 லட்சம். இந்த வருஷம் அவங்களுக்கு இன்க்ரிமென்ட் வந்தா 9-ஐத் தாண்டிடும். தாண்டினா தகுதி இல்ல.

வீடு கட்டி விக்கிறவரோ, "முன்பணத்தைப் பத்திக் கவலையே படாதீங்க சார், நாங்க பாத்துக்குறோம்"கிறார். எப்படிப் பாத்துக்குவார்னு புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.


வெட்டாறு
ஞாயிறு, இரவு 9.40

உங்களுக்காவது தகுதி இருக்கா இல்லையான்னு யோசிக்க ஒரு திட்டம் இருக்கு. நான் 2022-ல திருவாரூர்ல கடன் எடுத்தவன். இதே ஆவாஸ் யோஜனாவோட பழைய திட்டத்துல நடுத்தர வருவாய்க்காரங்களுக்கு 2021 மார்ச் 31-ஓட கதவைச் சாத்திட்டாங்க. புதுசு 2024 செப்டம்பர் 1-லேர்ந்து கொடுத்த கடனுக்குத்தான். நடுவுல வாங்கினவன் எல்லாம் ஆத்துக்கு இக்கரையும் இல்ல அக்கரையும் இல்ல, படுகையில நிக்கிறோம்.


குடமுருட்டி
ஞாயிறு, இரவு 10.05

நான் அந்தப் பழைய திட்டத்துல வாங்கினவன், 2019. அப்ப குடும்ப வருமானம் 18 லட்சம் வரைக்கும் உண்டு. 6-லேர்ந்து 12 லட்சம் வரை ஒரு பிரிவு, 9 லட்சம் கடனுக்கு 4 சதவீத மானியம். 12-லேர்ந்து 18 வரை இன்னொண்ணு, 12 லட்சத்துக்கு 3 சதவீதம். எனக்கு 2.35 லட்சம் ஒரே நாள்ல அசல்ல கழிஞ்சுது. மெசேஜ் வந்தப்ப ஏதோ மோசடி மெசேஜ்னு நினைச்சு அழிச்சுட்டேன், அப்புறம் பேங்க்ல போய்க் கேட்டுத்தான் நம்பினேன்.

இப்ப வருமான வரம்பு சரிபாதி. மானியக் கணக்குக்கு எடுத்துக்குறது முதல் 8 லட்சம் மட்டும், 12 வருஷத்துக்கு. ஆனா ஒண்ணு, அப்பவும் முன்பணத்துக்குன்னு ஒரு பைசா வரல. நான் என் தங்கச்சிகிட்ட 3 லட்சம் கைமாத்து வாங்கித்தான் பத்திரம் முடிச்சேன். மானியம் வந்தது அதுக்கு ஏழு மாசம் கழிச்சு.


பத்து ஏக்கர்
ஞாயிறு, இரவு 10.22

வாத்தியாரே, சம்பளம் வாங்குறவன்தான் ரூபா அணா பைசாவா மாட்டுறான். எங்க ஊர்ல ரெண்டு போகம் நஞ்சை, ஒரு ரைஸ் மில் வச்சிருக்கவரு வருமானச் சான்றிதழ் 72,000-ன்னு வாங்கி வச்சிருக்காரு. நான் அவரைச் சொல்லல. பொதுவா சொல்றேன். 😀


கும்போணத்துக் குசும்பன்
ஞாயிறு, இரவு 10.24

பேரையும் போட்டுட்டு பொதுவா சொல்றேங்கிறீங்களே பத்து ஏக்கர் அண்ணே.


ஓய்வுபெற்ற மேலாளர்
திங்கள், காலை 6.10

தம்பி, 31 வருடம் வங்கியில் இருந்தவன். இதில் பாதி நாள் வீட்டுக் கடன் மேசைதான். முன்பணக் கணக்கையும் வீடு விற்பவர் பேச்சையும் பிரித்துச் சொல்கிறேன்.

முன்பணம் என்பதை நாங்கள் மார்ஜின் என்போம். அதற்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு உண்டு. கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேல் 75 சதவீதம். பலருக்குத் தெரியாதது, இந்த மதிப்பில் முத்திரைத்தீர்வையும் பதிவுச் செலவும் சேராது. 10 லட்சத்துக்குள் உள்ள வீட்டுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2015-இல் தளர்த்தினார்கள். 10 லட்சத்துக்கு எங்கே வீடு இருக்கிறது? நம் ஊரில் மாட்டுக்கொட்டகை கட்டவே அவ்வளவு ஆகிறது. ஆக 90 சதவீதம் என்று விளம்பரம் சொன்னாலும், பத்திரத்தையும் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் கையிலிருந்துதான்.

இரண்டாவது, அந்த வீடு விற்பவர் "பார்த்துக்கொள்கிறோம்" என்றது. அவர் என்ன செய்வார் என்று நான் சொல்லவா? 34 லட்சம் வீட்டுக்கு 42 லட்சம் என்று ஒப்பந்தம் போடுவார். அதில் 80 சதவீதம் 33.60. முன்பணமாக உங்கள் கையில் ஏறக்குறைய ஒன்றும் வேண்டாம், கடனே கிட்டத்தட்ட வீட்டு விலைக்கு ஈடாகிவிடும். மதிப்பீட்டாளர் ஒழுங்கானவராக இருந்தால் அங்கேயே நிற்கும். நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் தலையில். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய். 33.60 லட்சத்துக்கு 29,000-க்கு மேல் தவணை. இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை போனால், வீட்டை விற்றாலும் கடன் தீராது, ஏனென்றால் அது முதல் நாளிலிருந்தே 34 லட்சம் வீடுதான். பத்திரமும் 42-க்குப் பதிய வேண்டும். 35 லட்ச வரம்பும் போய்விடும், மானியமும் போய்விடும்.

இப்படி ஆட்டம் ஆடியதால்தான், கட்டாத கட்டடத்துக்கு மொத்தக் கடனையும் முன்கூட்டியே கட்டுநர் கையில் கொடுக்காதே, கட்டுமானம் ஏற ஏறக் கொடு என்று 2013-இல் ரிசர்வ் வங்கி சொன்னது. கட்டுநர் சில மாதம் வட்டி கட்டுகிறேன் என்று இழுக்கும் திட்டங்களைத் தவிர்க்கும்படி 2019-இல் தேசிய வீட்டுவசதி வங்கி வீட்டு நிதி நிறுவனங்களுக்குச் சொன்னது. உங்களைப் போன்றவரை வதைப்பதற்காக அல்ல.

ஆனால் 25 லட்சம், 35 லட்சம் வரம்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 35 லட்சம் வீட்டை 25 லட்சம் கடனில் வாங்கு என்றால் 10 லட்சமும் பத்திரச் செலவும் கையில் இருக்க வேண்டும். மாதம் 75,000-க்குள் வருமானம் உள்ள குடும்பம் வாடகை கொடுத்துப் பிள்ளையைப் படிக்கவைத்து 13 லட்சம் சேர்ப்பதற்குள் பிள்ளைக்குக் கல்யாண வயது வந்துவிடும்.


ஜெர்சி தஞ்சாவூரான்
திங்கள், காலை 8.35 (இங்க இன்னும் ஞாயிறு ராத்திரிதான்)

மேலாளர் ஐயா சொன்னதைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. நீங்க சொன்ன அதே வித்தை அமெரிக்காவுல வேற வேஷத்துல நடந்தது.

இங்க எஃப்.ஹெச்.ஏ.ன்னு அரசு காப்பீட்டுக் கடன் உண்டு. முன்பணம் 3.5 சதவீதம் போதும். அப்ப அது 3 சதவீதம். அந்த 3-ம் இல்லாதவனுக்கு என்ன பண்ணுவாங்கன்னா, வீட்டை விக்கிறவர் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை குடுப்பார், கூடவே சேவைக் கட்டணமும். அந்த நிறுவனம் வாங்குறவருக்கு முன்பண உதவின்னு அதே தொகையைக் குடுக்கும். பணம் ஒரு சுத்து சுத்தி வந்துடுச்சு. விக்கிறவர் அந்தத் தொகையை வீட்டு விலையில ஏத்திப்பார். அந்த மாதிரிக் கடன்கள்ல தவணை கட்டாம போனவங்க விகிதம் மத்ததைவிடக் கூடுதலா இருந்தது. 2006-ல வருமான வரித்துறை, இது தொண்டே இல்லைன்னு சொல்லிடுச்சு. 2008-ல கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம் விக்கிறவர் பணத்துல வர்ற முன்பண உதவியை அக்டோபர் 1-லேர்ந்து தடை பண்ணி, 3-ஐ 3.5 ஆக்குச்சு.

இதுல நம்மாளுங்க கவனிக்க வேண்டியது, அவங்க முன்பண உதவியையே ஒழிக்கல. மாநில, நகர வீட்டுவசதி அமைப்புகள் இன்னமும் குடுக்குது. ரெண்டாவது கடன் மாதிரி குடுத்துட்டு, இத்தனை வருஷம் அதே வீட்டுல இருந்தா தள்ளுபடிங்கிற மாதிரியும் இருக்கு. வருமான வரம்பு உண்டு, ஆனா அந்தந்த வட்டாரத்தோட நடு வருமானத்தை வச்சு. மூணு வருஷமா சொந்த வீடு இல்லைன்னா பல திட்டத்துல முதல் வீடு வாங்குறவர்னு எடுத்துக்குறாங்க.

நம்ம ஊர்ல வரம்பு 9 லட்சம்னா மும்பைக்கும் மன்னார்குடிக்கும் அதே 9. நியாயமாப் பாத்தா இதுல நமக்குத்தான் லாபம், 35 லட்சத்துக்கு மும்பையில வாசப்படி கூட வராது. ஆனா பத்திரம் போடுற நாள்ல கையில பணம் வேணும்கிற ஆளுக்கு, அஞ்சு வருஷம் கழிச்சு முழுசா வந்து சேர்ற பணம் எதுக்கு?


காவிரித் தமிழன்
திங்கள், மதியம் 1.15

குடிசைக்காரங்களுக்கு கலைஞரின் கனவு இல்லத்துல 3.50 லட்சம் சும்மா தூக்கிக் குடுக்குறாங்க. வரி கட்டுற நமக்கு நாமம். இதைக் கேக்க ஆள் இல்ல.


கஜாவுக்குப் பின்
திங்கள், மதியம் 1.50

வேதாரண்யம் பக்கத்துலேர்ந்து எழுதுறேன். 2018 நவம்பர் 16 விடியக்காலம் எங்க கூரை எங்க போச்சுன்னு ரெண்டு நாள் தேடுனோம். பக்கத்து ஊர் சவுக்குத் தோப்புல கிடந்தது. அந்த 3.50 லட்சம் வாங்குறவன் கீத்துக்கூரையில கிடக்கிறவன். உங்க கோபம் நியாயமா இருக்கலாம், அதை அவன் தலையில இறக்காதீங்க தம்பி.


மாயவரம் அக்கா
திங்கள், மாலை 4.30

நல்லா சொன்னீங்க கஜா. என் கதை வேற மாதிரி. எங்க வீடு கோயில் அடிமனை. எங்க மாமனாரோட அப்பா காலத்து வீடு, கட்டடம் எங்களோடது, மண்ணு சாமியோடது. மாசா மாசம் கோயிலுக்குப் பகுதி, அதாவது மண் வாடகை, கட்டுறோம். மேல மாடி எடுக்கலாம்னு பேங்க்குக்குப் போனா, பத்திரம் எங்கேம்மாங்கிறாங்க. அறநிலையத்துறை நிலம்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே ஏறாது, அதை வச்சுக் கடன் எவன் குடுப்பான்? நம்ம பக்கம், மாயவரத்துலயும் கும்போணத்துலயும் தேரோடும் வீதியைச் சுத்தி எத்தனை வீடு இப்படி!

இதுல வேடிக்கை, வேற இடத்துல வீடு வாங்கலாம்னா, இந்தியாவுல எங்கேயும் குடும்பத்துல யார் பேருலயும் பக்கா வீடு இருக்கக்கூடாதாம். கடன் வாங்கறதுக்கு இது வீடு இல்ல, மானியம் கேட்டா இது வீடு. என்ன நியாயம்டா சாமி இது?


ஓய்வுபெற்ற மேலாளர்
திங்கள், மாலை 5.20

அம்மா, உங்கள் விஷயத்தில் யாரும் வாய்ச்சொல்லாகச் சொல்வதை நம்பாதீர்கள். அடிமனை ரசீது, சொத்துவரி ரசீது இரண்டையும் இணைத்து வங்கியில் எழுத்துமூலம் கேளுங்கள், எழுத்துமூலமே பதில் வாங்குங்கள். பின்னால் மானியத்தைத் திருப்பிக் கட்டு என்று வந்தால் அந்தக் காகிதம்தான் உங்கள் பக்கம் பேசும்.


அரசலாற்றங்கரை
திங்கள், இரவு 9.05

மாயவரம் அக்கா எழுதினதைப் படிச்சதும் வயித்தைக் கலக்குது. திருப்பனந்தாள் பக்கத்துல எங்க பூர்வீக வீடு இருக்கு. ஓட்டு வீடு, முன்பக்கம் மட்டும் தளம். அப்பா தவறிப்போய் ஆறு வருஷம் ஆச்சு. நாங்க மூணு பேர், அம்மாவும் பெரியண்ணனும் அதுல இருக்காங்க. பாகம் பிரிக்கல. அப்ப எனக்கும் வீடு இருக்குன்னு ஆயிடுமா?


சுவாமிமலை சித்தப்பா
திங்கள், இரவு 9.30

இதுக்கென்ன தம்பி யோசனை. அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துடு. குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், எவ்வளவு போனாலும் 40,000-க்கு மேல வராது. நாளைக்கே உனக்கு வீடு இல்லைன்னு ஆயிடும்.


மாயவரம் அக்கா
திங்கள், இரவு 9.41

சித்தப்பா, நீங்க சொந்த அண்ணன் பிள்ளைக்கும் இதைத்தான் சொல்வீங்களா? 1.80 லட்சத்துக்கு, அதுவும் தவணையில வர்ற காசுக்கு, அப்பன் வீட்டுல காலை வச்சு நிக்கிற உரிமையை எழுதிக் குடுக்கணுமா? அந்தக் கொல்லையில நாலு தென்னை நின்னா பத்து வருஷத்துல அதைவிடக் கூட வரும். அரசலாறு தம்பி, எழுதிடாதீங்க. அண்ணன் நல்லவராவே இருக்கட்டும். எழுதிடாதீங்க.


சுவாமிமலை சித்தப்பா
திங்கள், இரவு 9.48

கோவிச்சுக்காதீங்கம்மா. கேட்டாரு, வழி சொன்னேன். என் அண்ணன் பிள்ளைக்கா இருந்தா... சரி விடுங்க.


சைட் இன்ஜினியர் பாபநாசம்
செவ்வாய், காலை 7.15

எல்லாரும் ரெடிமேட் வீட்டையே சுத்திச் சுத்திப் பேசுறீங்க. தம்பி, மனையை வாங்கு, அப்புறம் கட்டு. நம்ம டெல்டாவுல காலங்காலமா அப்படித்தான்.

கணக்கைப் பாரு. 34 லட்சம் வீடா வாங்கினா 34-க்கும் 9 சதவீதம் அழணும். மனையா வாங்கினா மனைக்கு மட்டும்தான் பத்திரச் செலவு, மேல நீ கட்டுறதுக்கு இல்ல. பெண்கள் பேருல 10 லட்சத்துக்குள்ள சொத்து வாங்கினா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைச்சிருக்காங்க, 2025 ஏப்ரல்லேர்ந்து. ஆக 8 சதவீதம். மனையை உன் காசுல வாங்கிட்டேன்னா, கட்டுறதுக்குக் கடன் கேக்குறப்ப அந்த மனை மதிப்பே உன் மார்ஜின் மாதிரி ஆயிடும். மேலாளர் ஐயா, சரிதானே? அந்த வட்டி மானியம் புதுசா கட்டுற வீட்டுக்கும் உண்டு, வீடு வாங்கினாத்தான்னு இல்ல.

ஆனா மூணு விஷயம் பாரு. டி.டி.சி.பி. அப்ரூவல், அதான் நகர் ஊரமைப்புத் துறை அனுமதி, இருக்கணும். பழைய மனைப்பிரிவுன்னா, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி உண்டானதை வரன்முறைப்படுத்தியிருக்காங்களான்னு உத்தரவைக் கையில வாங்கிப் பாரு. "பஞ்சாயத்து அப்ரூவல் சார்"னு எவனாவது சொன்னா டீ குடிச்சுட்டு வந்துடு. ரெண்டாவது, நேத்து வரைக்கும் நெல்லு விளைஞ்ச வயல்னா பசைமண்ணு, அஸ்திவாரம் ஆழம் போகும், மேட்டுக்கு மண்ணடிக்கணும். பேங்க்குக்குக் குடுக்குற எஸ்டிமேட்டுல அதையும் சேர்த்துப் போடச் சொல்லு, நிறைய பேர் அதைக் கைக்காசுல அடிச்சுட்டுத் தளம் போடுறப்ப முழிக்கிறான். மூணாவது, வாய்க்கால் புறம்போக்கு. அதைத் தனியா எழுதணும், இப்ப தளம் போட லாரி வந்துடுச்சு.


ஓய்வுபெற்ற மேலாளர்
செவ்வாய், காலை 9.00

சரிதான். மனை மதிப்பையும் சேர்த்துத்தான் திட்ட மதிப்பு பார்ப்போம். மனைக்கு மட்டும் கடன் வாங்குவது வேறு கணக்கு, அதில் போகாதீர்கள்.


பத்து ஏக்கர்
செவ்வாய், காலை 11.20

குறையுற பணத்துக்கு ஏன் அலையுறீங்க? கூட்டுறவு சொசைட்டியில பயிருக்குன்னு சொல்லி நகையை வை. வட்டி ரொம்பக் கம்மி. நம்மூர்ல பாதி வீடு அப்படிக் கட்டுனதுதான்.


ஓய்வுபெற்ற மேலாளர்
செவ்வாய், காலை 11.45

இதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிர் எங்கே என்று ஆய்வுக்கு வந்தால் மொட்டைமாடித் தொட்டிச் செடியைக் காட்டுவீர்களா? நகைக்கடன் வேண்டுமென்றால் நகைக்கடன் என்றே வாங்குங்கள். அதையும் வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் தெரிந்துவிடும்.


அரசலாற்றங்கரை
பதினாறு நாள் கழித்து, இரவு 8.50

எல்லாருக்கும் நன்றி. மனைவிகிட்ட இந்த இழையை முழுசாப் படிச்சுக் காட்டினேன். மாயவரம் அக்கா எழுதினதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க.

அந்த 34 லட்சம் வீட்டை விட்டுட்டோம். கட்டினவர்கிட்ட "42-ன்னு அக்ரிமென்ட் போடுவீங்களா"ன்னு நேராவே கேட்டேன். "எல்லாரும் பண்றதுதானே சார்"னார். எழுந்து வந்துட்டோம்.

திருநாகேஸ்வரத்துல 900 சதுரடி, சதுரடி 850 வீதம் 7.65 லட்சம். டி.டி.சி.பி. அப்ரூவல் நகலை இன்ஜினியர் அண்ணனுக்குத் தனிமடல்ல அனுப்பி, அவர் சரின்னதும்தான் அட்வான்ஸ் குடுத்தேன். மனைவி பேர்ல பதியுறோம், பத்திரச் செலவு 61,200. என் 6 லட்சம் போக மீதிக்கு மாமியார் அவங்க சீட்டைத் தள்ளி எடுத்துக் குடுத்தாங்க. நகையில கை வைக்கல.

பூர்வீக வீட்டுல எதுவும் எழுதல. அண்ணன்கிட்ட இந்த விஷயத்தைப் பேசவே இல்ல. மனைவிக்கு இன்க்ரிமென்ட் வந்துடுச்சு, 9.14 லட்சம் ஆயிடுச்சு. அதனால மானியம்கிற பேச்சே முடிஞ்சு போச்சு. அன்னிக்கு ராத்திரி ஹோட்டல்ல சாப்பிட்டோம், அதுக்குன்னு அழவா முடியும்?

கட்டுறது அடுத்த வருஷம்தான். இன்ஜினியர் அண்ணே, இப்பவே மண்ணடிச்சு வச்சுடலாமா? லாரிக்காரர் ஒருத்தர் குறைச்சுத் தர்றேங்கிறார்.


சைட் இன்ஜினியர் பாபநாசம்
மறுநாள், காலை 6.40

அவசரப்படாத. ஐப்பசி மழை அடிக்கட்டும். ஒரு ராத்திரி நல்லாப் பேய்ஞ்சு ஓய்ஞ்சதும் காலையில போய் மனைக்கு நடுவுல நில்லு. தண்ணி எவ்வளவு நிக்குது, எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு. அப்புறம் எத்தனை லோடுன்னு நான் சொல்றேன்.


அரசலாற்றங்கரை
இரண்டு மாதம் கழித்து, காலை 7.55

அண்ணே, நேத்து விடிய விடிய மழை. இப்பதான் போய் நின்னுட்டு வர்றேன். கணுக்காலுக்கு மேல, முழங்காலுக்குக் கீழ. தெற்கால ஓடுது.


சைட் இன்ஜினியர் பாபநாசம்
காலை 8.20

அப்ப ரெண்டரை அடி தூக்கணும். தெற்கால பக்கத்து மனைக்காரர் யாருன்னு விசாரிச்சு வை, அவர்கிட்ட முதல்லயே பேசிடணும். லாரிக்குத் தையில சொல்லிக்கலாம்.